அவர் எங்கள் சொந்தம் என்று சொன்னது தவறா?

கேள்வி: கொங்குப் பகுதியில் ஒரு சிறு நகரத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். வயது 46. ஐபிஎல்லில் ஆடும் ஒரு கிரிக்கெட் வீரர் எனக்குச் சொந்தம். என் அம்மாவைப் பெற்ற அப்புச்சியும், அந்த வீரரின் அப்பாவுக்கு அம்மாயியும் கூடப் பிறந்தவர்கள். முறைப்படி அவருடைய அப்பா எனக்கு மச்சான், அவர் எனக்கு மருமகன். சின்ன வயதில் நோம்பிக்கு எங்கள் ஊருக்கு வந்தபோது எங்கள் களத்தில் என் தம்பிக்கு அவர் பந்து போட்டதை நான் பார்த்திருக்கிறேன். தென்னை மட்டைதான் பேட்.

அவர் பெரிய ஆட்டக்காரர் ஆனதிலிருந்து அவரைப் பற்றிப் பேசாத நாள் எனக்கு இல்லை. கடை முகப்பில் அவர் படத்தோடு வாழ்த்து ஃபிளெக்ஸ் வைத்தேன், இன்னும் இருக்கிறது. கொரோனாவில் கடை படுத்துவிட்டது, கடன் முழுசாகத் தீரவில்லை. இவர் பேச்சை எடுத்தால் கடைக்கு வருகிறவர்கள் மதித்துப் பேசுகிறார்கள்.

என் மகனுக்கு 13 வயது. அகாடமியில் வேகப்பந்து வீசக் கற்றுக்கொள்கிறான். கோச்சிடமும் சொந்தத்தைச் சொல்லிவைத்தேன். அவரும் அந்த வீரரின் பெயரோடு "ஜூனியர்" என்று சேர்த்துத்தான் இவனைக் கூப்பிடுவார். போன மாதம் கோவையில் ஒரு கல்யாண வரவேற்புக்கு அந்த வீரர் வந்திருந்தார். மகனையும் அவனுடைய கூட்டாளிகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு, கூட்டத்தில் முண்டியடித்துக் கிட்டே போனேன். அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்த அவருடைய அம்மா, "நீங்க யாரு வீட்டுங்க?" என்று கேட்டார். எனக்குப் பேச்சே வரவில்லை, திரும்பிவிட்டேன். பையன்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இப்போது பள்ளிக்கூடத்தில் மகனை "டுபாக்கூர் மச்சான்" என்று கூப்பிடுகிறார்களாம். அகாடமிக்குப் போக மாட்டேன் என்கிறான். கிட் பையைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டான். "எல்லாம் உங்க பெருமையால வந்தது" என்கிறார் என் மனைவி. நான் பெருமைப்பட்டது தவறா? ஒரே ரத்தம்தானே, அந்தத் திறமை இவனுக்குள்ளும் இருக்கும் அல்லவா? மச்சானிடம் பேசி, மகனுக்காக ஒரு வார்த்தை சொல்லச் சொல்லலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புள்ள ஐயா,

ஊர், அணி, பெயர் எல்லாவற்றையும் உங்கள் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். உங்கள் மகன் இதைப் படித்தாலும் அவனுக்குச் சங்கடம் வராது.

பெருமைப்பட்டது தவறே இல்லை. நம் வீட்டு உறவில் ஒரு பையன் கஷ்டப்பட்டு மேலே வந்து, டிவியில் அவன் பெயர் வரும்போது நெஞ்சு நிறைவது இயல்பு. அதற்காக நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. நீங்கள் பொய்யும் சொல்லவில்லை. முறை சொல்லி, யார் வழியில் யார் என்று தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். இந்த அளவுக்குத் தலைமுறை சொல்லத் தெரிந்தவர்கள் இன்று குறைந்து வருகிறார்கள்.

அந்த மண்டபத்தில் நடந்ததை நீங்கள் அவமானமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்கள் பக்கத்தில் முகம் தெரியாத ஒருவர் உறவு என்று வந்து நின்றால் முதலில் என்ன கேட்பார்கள்? "எந்த ஊருங்க, யாரு வீட்டுங்க?" பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும். அந்த அம்மா உங்களை விரட்ட நினைத்திருந்தால் எதுவும் கேட்காமல் மகன் பின்னால் போயிருப்பார். அவர் கேட்டது பதிலை எதிர்பார்த்து. "இன்னாருடைய பேரனுங்க, உங்க மாமியாரும் எங்கம்மாவும் அத்தை மகள், மாமன் மகள்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும். கூட்டம், செல்ஃபிக்கு நீளும் கைகள், பக்கத்தில் மூன்று பையன்கள், அத்தனைக்கும் நடுவில் உங்களுக்கு நாக்கு எழவில்லை. யாருக்கும் அப்படித்தான் ஆகும். அந்தப் பதிலை இன்னும் சொல்லலாம். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

இந்தப் பெருமை எப்படி வேலை செய்கிறது என்று உளவியலில் நிறையப் பார்த்திருக்கிறார்கள். ராபர்ட் சியால்டினியும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 1976-ல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. அமெரிக்காவில் ஏழு பல்கலைக்கழகங்களில், அமெரிக்கக் கால்பந்துப் போட்டி முடிந்த வார இறுதிக்குப் பிறகு வரும் திங்கட்கிழமைகளில் மாணவர்கள் என்ன உடுத்தி வருகிறார்கள் என்று எண்ணினார்கள். தங்கள் அணி ஜெயித்திருந்தால், பல்கலைக்கழகப் பெயர் போட்ட உடுப்பில் வருகிறவர்கள் கூடியிருந்தார்கள். இன்னொரு பகுதியில் மாணவர்களுக்குப் போன் செய்து, பல்கலைக்கழக வாழ்க்கை பற்றிச் சில கேள்விகள் கேட்டார்கள். பிறகு சிலரிடம் "நன்றாகச் செய்தீர்கள்" என்றும், சிலரிடம் "சரியாகச் செய்யவில்லை" என்றும் சொல்லிவிட்டு, அணியின் ஆட்டத்தைப் பற்றி விசாரித்தார்கள். "சரியாகச் செய்யவில்லை" என்று கேட்டவர்கள்தான், ஜெயித்த ஆட்டத்தை "நாங்கள் ஜெயித்தோம்" என்று அதிகம் சொன்னார்கள். ஆடியது யாரோ. ஆனால் மனதில் ஒரு அடி விழுந்த நேரத்தில், "நாங்கள்" என்று சொல்லிக்கொள்ள ஒரு வெற்றி தேவைப்படுகிறது.

கொரோனாவில் கடை படுத்ததையும் கடனையும் நீங்கள் எழுதிய இடத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த வருடங்களில் இந்த உறவு உங்களைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. வேறு எதையாவது பிடித்துக்கொண்டு கெட்டுப்போனவர்களையும் நான் பார்க்கிறேன். ஆனால் ஒன்றை நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும். கடனை இதுவரை அடைத்து வந்ததும், கடையை மூடாமல் நடத்தியதும் நீங்கள் செய்தவை. கடைக்கு வருகிறவர்கள் திரும்ப வருவது, சொன்ன ஷேடை நீங்கள் சரியாகக் கலந்து கொடுப்பதால். மருமகனைப் பற்றிய பேச்சு ஐந்து நிமிடம் அவர்களை நிறுத்திவைக்கும், அவ்வளவுதான்.

இப்போது மகனுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அவன் நிலைதான்.

ஆபிரகாம் டெஸ்ஸர் என்ற உளவியலாளர் 1980-களில் ஒரு கருத்தை விரிவாக எழுதினார். நமக்கு நெருக்கமான ஒருவர் பெரிதாகச் சாதிக்கும்போது, அவர் சாதித்த துறை நம் துறையாக இல்லாவிட்டால் அந்த வெளிச்சம் நம்மேல் பட்டு மகிழ்கிறோம். அதே துறையில் நாமும் பெயர் வாங்க நினைத்துக்கொண்டிருந்தால், அதே நெருக்கம் ஒப்பீடாக மாறி வலிக்கிறது. உறவு எவ்வளவு நெருக்கமோ, வலியும் அவ்வளவு.

உங்கள் வீட்டில் நடப்பது இதுதான். நீங்கள் பெயிண்ட் வியாபாரி. மருமகன் ஐந்து விக்கெட் எடுத்தால் உங்களுக்கு இழப்பு ஒன்றும் இல்லை, சந்தோஷம் மட்டும்தான். உங்கள் மகன் பந்து வீசுகிறவன். அவன் கையில் இருக்கும் பந்தும் அவர் கையில் இருக்கும் பந்தும் ஒன்று. கோச் "ஜூனியர்" என்று கூப்பிடும் ஒவ்வொரு முறையும், அகாடமியில் உள்ள மற்ற பையன்கள் இவன் அடுத்த பந்தை உற்றுப் பார்ப்பார்கள். அது வைடாகப் போனால், மற்ற பையன்களுக்கு அது வெறும் வைடு. இவனுக்கு, அந்தப் பெயரைக் கெடுத்த வைடு. பதின்மூன்று வயதில் ஒரு பையன் லைன், லெங்த், ரன்-அப் என்று தடுமாறிக் கற்றுக்கொள்ள வேண்டும். மோசமாக வீசுவதற்கு அவனுக்கு உரிமை வேண்டும். அந்தப் பட்டப்பெயர் அதைப் பறித்துவிட்டது.

கல்யாண மண்டபத்தால்தான் அவன் நின்றுவிட்டான் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். பாரம் அதற்கு முன்பே ஏறியிருக்கும் என்பது என் கணிப்பு. இளம் ஆட்டக்காரர்களையும் பெற்றோரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசுவது என் வேலை. அதில் அடிக்கடி காண்பது இது: விளையாட்டை நிறுத்தும் பிள்ளைகள் பெரும்பாலும் விளையாட்டை வெறுப்பதில்லை. அதோடு வந்து ஒட்டிக்கொண்ட வேறொன்றைத்தான் உதற நினைக்கிறார்கள். உதறத் தெரியாமல், கிட் பையையும் சேர்த்துப் பரணில் போட்டுவிடுகிறார்கள்.

ரத்தத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நீங்கள் சொன்ன முறையை வைத்தே கணக்குப் போடலாம். உங்கள் அப்புச்சியைப் பெற்றவர்கள்தான் இரண்டு குடும்பத்துக்கும் பொது. உங்கள் மகனுக்கு அவர்கள் எள்ளுத்தாத்தா, எள்ளுப்பாட்டி. அந்தத் தலைமுறையில் அவனுக்கு மொத்தம் 16 பேர், அந்த வீரருக்கும் 16 பேர். இதில் இரண்டு பேர் மட்டும் பொது. உடன்பிறந்தவர்கள் சராசரியாக 50 சதவீத மரபணுவைப் பகிர்கிறார்கள். நேர் அத்தை மகன், மாமன் மகன் என்றால் 12.5. அதற்கு அடுத்த தலைமுறையில் சுமார் 3. உங்கள் மகனும் அந்த வீரரும் இருக்கும் தூரத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவு. சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்திருந்தால் இது கொஞ்சம் கூடலாம், பெரிய வித்தியாசம் வராது. வேகப்பந்து வீச்சுக்கு எந்த ஒரு தனி மரபணுவும் கிடையாது. உயரம், தசை, மூட்டு, மூச்சு என்று ஒவ்வொன்றிலும் ஏராளமான மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கை வைக்கின்றன. இப்போது எச்சிலை வாங்கிப் பரிசோதித்து "உங்கள் குழந்தைக்கு எந்த விளையாட்டு" என்று சொல்லும் வியாபாரமும் நடக்கிறது. பிள்ளைகளின் திறமையைக் கண்டறிய இந்தப் பரிசோதனைகள் பயன்படாது என்று இத்துறை விஞ்ஞானிகள் 2015-லேயே சேர்ந்து அறிக்கை கொடுத்துவிட்டார்கள். யாராவது சொல்லி அதில் பணம் போட்டுவிடாதீர்கள்.

"விளையாட்டுக் குடும்பங்கள் இருக்கின்றனவே" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கின்றன. நம் தமிழ்நாட்டிலேயே, டென்னிஸில் ராமநாதன் கிருஷ்ணன் 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றார், 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979-ல் அதே ஜூனியர் பட்டத்தை வென்றார். ஆனால் அந்தக் கதை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். ராமநாதன் கிருஷ்ணனின் அப்பா டி.கே. ராமநாதன் தாமே டென்னிஸ் ஆடியவர், மகனுக்குத் தாமே பயிற்சி கொடுத்தவர். அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறியது தினசரிப் பயிற்சியும், ஆட்டம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று திருத்தியதும். எங்கோ தூரத்தில் இருக்கும் ஒரு சொந்தத்திலிருந்து அது வந்து சேராது.

அதே நேரம் வேகப்பந்து வீச்சாளர் சின்னப்பம்பட்டி நடராஜனை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்து மாவட்டமான சேலம்தான். அப்பா நெசவுத் தொழிலாளி, அம்மா சாலையோரம் கோழிக்கறிக் கடை வைத்திருந்தவர். சொல்லிக்கொள்ள ஒரு கிரிக்கெட் சொந்தமும் கிடையாது. டென்னிஸ் பந்தில் ஊர் ஊராக ஆடிக்கொண்டிருந்தவரை ஜெயப்பிரகாஷ் என்ற உள்ளூர் அண்ணன் ஒருவர் கண்டுபிடித்துச் சென்னைக்குக் கொண்டுபோனார். 2015-ல் ரஞ்சி டிராபியில் ஆடத் தொடங்கியதுமே பந்துவீச்சு முறையில் சந்தேகம் கிளப்பினார்கள். முறையை மாற்றிக்கொண்டு திரும்ப வந்தார். 2020 டிசம்பர் முதல் 2021 ஜனவரி வரை ஒரே ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்காக முதல் முறை ஆடினார். உங்கள் மகனிடம் யாரைப் பற்றியாவது பேச வேண்டும் என்றால், இப்போதைக்கு இவரைப் பற்றிப் பேசுங்கள். அவனை யாரும் இவரோடு முறை சொல்லி ஒப்பிட முடியாது. ஆட்டத்தை மட்டும் ரசிக்கலாம்.

மச்சானிடம் சிபாரிசு கேட்கலாமா என்றால், வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. மாவட்ட அணிக்குத் தேர்வு என்பது மாவட்டச் சங்கம் நடத்தும் ட்ரையலில், பந்து வீசிக் காட்டித்தான். அந்த வார்த்தை பலிக்காவிட்டால் உறவு கசக்கும். பலித்துவிட்டால் இன்னும் மோசம். அடுத்த பத்து வருடம் அவன் எடுக்கும் ஒவ்வொரு விக்கெட்டையும் "மச்சான் சிபாரிசு" என்பார்கள். ஒருநாள் அவனே அதை நம்பத் தொடங்குவான்.

இப்படிப்பட்ட ஆட்டக்காரர்கள் ஏன் எளிதில் போனை எடுப்பதில்லை, ஏன் ஒதுங்கிப் போகிறார்கள் என்றும் நீங்கள் தெரிந்துகொண்டால் மனம் லேசாகும். கிரிக்கெட்டில் ஊழல் தடுப்பு விதிகள் மிகக் கடுமையானவை. ஆட்ட நாளில் ஆட்டக்காரர்கள் போனை ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். "பிட்ச் எப்படி இருக்கு, நாளைக்கு யார் ஆடுறாங்க" என்று மாமன் பிரியமாகக் கேட்டாலும், வெளியே தெரியாத தகவலைச் சொல்வது சூதாட்டத்துக்குப் பயன்படலாம் என்பதால் அது குற்றமாகலாம். 2019 அக்டோபரில் வங்கதேச கேப்டன் ஷகிப் அல் ஹசனுக்கு ஐசிசி இரண்டு ஆண்டுத் தடை விதித்தது, அதில் ஓர் ஆண்டு நிறுத்திவைக்கப்பட்டது. சூதாட்டத் தரகர் அணுகியதைப் புகார் செய்யவில்லை என்பதுதான் அவர்மேல் குற்றம். அந்தத் தரகருக்கு அவருடைய போன் நம்பரைக் கொடுத்தது, அவருக்கே தெரிந்த ஒருவர். இதெல்லாம் வீரர்களுக்கு வகுப்பெடுத்துச் சொல்லப்படுகிறது. அதனால்தான் புதிதாக உறவு சொல்லி வரும் யாரிடமும் அவர்கள் ஒரு அடி தள்ளியே நிற்கிறார்கள். 2025 ஜனவரியில் பிசிசிஐ கொண்டுவந்த விதிகளில், 45 நாளுக்கு மேல் போகும் வெளிநாட்டுப் பயணத்தில் மனைவி மக்கள்கூட இரண்டு வாரம்தான் உடன் தங்கலாம் என்று இருக்கிறது. சொந்த மனைவி மக்களுக்கே இந்த அளவு. வரவேற்பில் அவர் தலையாட்டிவிட்டுப் போனதை அந்தக் கண்ணோடு பாருங்கள்.

இந்தச் சொந்தத்தை வைத்து யாராவது மேட்ச் டிக்கெட் கேட்டு வந்தால், "நானும் ஆன்லைன்லதாங்க வாங்கறேன்" என்று ஒரே பதிலாகச் சொல்லிவிடுங்கள். இரண்டு பேர் முகம் சுளிப்பார்கள். அதன் பிறகு கேட்பது நின்றுவிடும்.

கடை முகப்பில் உள்ள ஃபிளெக்ஸை எடுத்துவிடுங்கள். ஒரு வெற்றியை வாழ்த்திச் சில நாள் வைப்பது ஊர் வழக்கம். வருடக் கணக்கில் கடைப் பெயரோடு அவர் படமும் நின்றால் அது விளம்பரமாகிவிடும். வீரர்கள் பல நிறுவனங்களோடு விளம்பர ஒப்பந்தம் போட்டிருப்பார்கள். அனுமதியில்லாமல் படத்தை வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் வக்கீல் நோட்டீஸ் வரலாம். அதைவிட முக்கியம், உங்கள் மகன் தினமும் பள்ளிவிட்டு வந்து அந்தப் படத்துக்குக் கீழேதான் கடைக்குள் நுழைகிறான்.

அவனிடம் எப்படிப் பேசுவது? வீட்டில் எல்லார் முன்னாலும் உட்காரவைத்துப் பேச வேண்டாம். வண்டியில் எங்காவது போகும்போது, முகம் பார்க்காமல் பேச வசதியான நேரத்தில் பேசுங்கள். சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: "கண்ணு, அன்னிக்கு மண்டபத்துல உன்னைக் கூட்டாளிக முன்னாடி சங்கடத்துல விட்டுட்டேன். அவரு நமக்குத் தூரத்துச் சொந்தம், அது நெசம். ஆனா அதை உன் தலைமேல ஏத்துனது நான். இனிமே உன் ஆட்டத்தையும் அவரையும் சேத்துப் பேச மாட்டேன்." அதோடு நிறுத்துங்கள். "அதனால நாளைக்கு அகாடமிக்குப் போ" என்று ஒரு வால் சேர்த்தால் மொத்தமும் வீண். அவன் பதில் சொல்லாமல் இருக்கலாம், சள்ளென்று விழலாம். விழட்டும், கேட்டுக்கொள்ளுங்கள்.

கூட்டாளிகளுக்குச் சொல்ல அவனுக்கு ஒரு வரி வேண்டும். வகுப்பில் மாட்டிக்கொண்டு நிற்பது அவன்தானே. "எங்கப்பாவோட தூரத்துச் சொந்தம். எனக்கு அவரைப் பழக்கமில்லை" என்பது போதும். முழு உண்மை, யாரும் மேலே கேள்வி கேட்க இடமில்லை. பட்டப்பெயர் சில நாளில் சலித்துவிடும். சலிக்காமல் சீண்டல் வளர்ந்தால் வகுப்பாசிரியரிடம் நீங்கள் போய்ப் பேசுங்கள், அவனைக் கேட்டுவிட்டு.

கோச்சிடம் நீங்களே நேரில் போய், அவன் இல்லாத நேரத்தில், "அவன் பேரைச் சொல்லியே கூப்பிடுங்க" என்று கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல கோச் உடனே புரிந்துகொள்வார். ஜூனியர் என்று கூப்பிட்டால்தான் பையன்களுக்கு உற்சாகம் என்று அவர் வாதாடினால், வேறு அகாடமி பார்ப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

பயிற்சி விட்டுப்போகிறதே என்று பதற வேண்டாம். பதின்மூன்று வயதில் பையன்கள் திடீரென்று உயரமாகும் காலத்தில், வேகப்பந்து வீசுகிறவர்களுக்கு முதுகெலும்பில் அழுத்தத்தால் விரிசல் வருவது அதிகம். சில வாரம் பந்து வீசாமல் இருந்தால் உடம்புக்கு நஷ்டம் இல்லை, லாபமாகவும் இருக்கலாம். அவன் வேறு விளையாட்டுக்குப் போகிறேன் என்றால் அனுப்புங்கள். வாலிபால், ஓட்டம், கபடி எதுவும் கிரிக்கெட்டுக்கு எதிரி கிடையாது. கிட் பையை நீங்கள் இறக்காதீர்கள். எப்போது இறக்குவது என்று அவன் முடிவு செய்யட்டும். இறக்காமலே போனால், அதையும் ஏற்றுக்கொள்ள உங்களைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

இனி உங்களுக்கும் மருமகன் வீட்டுக்கும் உள்ள உறவு. அதை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். சீசன் இல்லாத நாளாகப் பார்த்து, உங்கள் மச்சானுக்கு ஒரு போன் செய்யுங்கள், அல்லது அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்வாருங்கள். போகும்போது அப்புச்சியின் பழைய போட்டோ ஏதாவது வீட்டில் இருந்தால் எடுத்துப்போங்கள். அந்த அம்மா கேட்டதற்கு அதுதான் பதில். மகனைக் கூட்டிப்போக வேண்டாம், கிரிக்கெட் பேச்சை நீங்களாக எடுக்க வேண்டாம். அந்தக் குடும்பத்துக்கு இப்போது ஆட்டோகிராப் கேட்கும் சொந்தம் நிறைய இருக்கும். பாட்டியின் கூடப் பிறந்தவரைப் பற்றித் தெரிந்த சொந்தம் குறைவாகத்தான் இருக்கும்.

கடையில் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் தாராளமாகப் பேசுங்கள், உங்களுக்குத் தெரிந்ததைப் பேசுங்கள். நோம்பிக்கு வந்த சின்னப் பையன் தென்னை மட்டை வைத்திருந்த உங்கள் தம்பிக்குப் பந்து போட்டதைப் பார்த்தவர் நீங்கள். அது எந்தப் பேட்டியிலும் வராது. அதைச் சொல்லுங்கள், கேட்கிறவர்களும் ரசிப்பார்கள். "எனக்கு ரொம்ப நெருக்கம், போன் போட்டா எடுப்பாரு" என்ற மாதிரிப் பேச்சுதான் வேண்டாம். அது மகன் தலையில்தான் வந்து விழும்.

இன்னொன்று. அவருக்கும் காயம் வரும், ஃபார்ம் போகும், ஒரு வருடம் ஏலத்தில் யாரும் எடுக்காமல் போகலாம். ஜெயித்தவரோடு ஒட்டிக்கொள்ளும் அதே மனம் தோற்றவரிடமிருந்து நைசாக விலகும் என்பதையும் 1980-களின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த நேரத்தில் ஃபேஸ்புக்கில் அவரைத் திட்டுவார்கள், அந்த வீட்டுக்குப் போன் வருவது குறையும். அப்போது மச்சானை அழைத்து, "நல்லா இருக்கீங்களா, சாப்பிட்டீங்களா" என்று மட்டும் கேட்டு வையுங்கள். நீங்கள் அந்த வீட்டுக்குச் செய்யக்கூடிய உதவி இதுதான், வேறு யாரும் செய்யவும் மாட்டார்கள்.

உங்கள் மனைவியிடம், "நீ சொன்னதில் பாதி சரி" என்று சொல்லுங்கள். மகனோடு பேசுவதற்கு முன் அவரோடு பேசிவிடுங்கள். இரண்டு பேரும் ஒரே மாதிரி பேசினால்தான் பையனுக்கு நம்பிக்கை வரும்.

கடைசியாக, மகன் அகாடமிக்குப் போகாததை நான் பெரிதாக நினைக்கவில்லை. ஆனால் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல் இருந்தாலோ, பள்ளிக்கே போக மறுத்தாலோ, தனியாக அடைந்து கிடந்தாலோ, இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் கூட்டிப்போகலாம். முதல் முறை நீங்களும் உங்கள் மனைவியும் மட்டும் போய்ப் பேசிவிட்டு வந்தாலும் சரிதான்.